மார்ச் கணக்குகளுக்குப் பிறகு என் சிறு நிறுவனப் பங்குகள்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனம், மார்ச் 31-இல் முடியும் நிதியாண்டுக்கான தணிக்கை செய்த கணக்கை அறுபது நாட்களுக்குள், அதாவது மே 30-க்குள், வெளியிட்டுவிட வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதி. பெரிய மென்பொருள் நிறுவனங்களும் வங்கிகளும் ஏப்ரலிலேயே இந்தக் கடமையை முடித்துவிடுகின்றன. நான் பங்கு வைத்திருக்கும் சிறு நிறுவனங்களில் பெரும்பாலானவை மே மாதத்தின் கடைசி வாரம்வரை காத்திருந்து, இயக்குநர் குழுக் கூட்டம் முடிந்த இரவில், ஸ்கேன் செய்த பக்கங்களாகத் தங்கள் கணக்கைச் சந்தையின் தளத்தில் ஏற்றுகின்றன. முத்திரையும் கையெழுத்தும் சில நேரம் எண்களின் மேலேயே விழுந்திருக்கும். அவற்றைப் பெரிதாக்கிப் படித்து, நிறுவனத்துக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் குறித்து முடிப்பதற்குள் மதுரையில் ஜூன் வெயில் பாதி கழிந்துவிடுகிறது. இந்த ஆண்டுக் குறிப்புகளிலிருந்து சிலவற்றை இங்கே விரித்து எழுதுகிறேன்.

நிறுவனங்களின் பெயர்களை எழுதப்போவதில்லை. செபியிடம் பதிவு பெறாத ஒருவர் பொதுவெளியில் இந்தப் பங்கை வாங்குங்கள், அந்தப் பங்கை விற்றுவிடுங்கள் என்று சொல்லக் கூடாது என்பது ஒரு காரணம். இவை நாளொன்றுக்குச் சில ஆயிரம் பங்குகள் மட்டுமே கைமாறும் நிறுவனங்கள் என்பதும், பத்துப் பேர் ஒரே காலையில் வாங்க முனைந்தாலே விலை, ஒரு நாளில் ஏறலாம் என்று சந்தை வகுத்த உச்சவரம்பில் போய் நின்றுவிடும் என்பதும் அதைவிடப் பெரிய காரணம். பரஸ்பர நிதிகளுக்காக 2017-இல் வகுக்கப்பட்ட வகைப்பாட்டின்படி, சந்தை மதிப்பில் 251-ஆம் இடத்திலிருந்து கீழே உள்ள எல்லாமே ‘ஸ்மால் கேப்’ என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த வரிசையின் தலைப்பகுதியில் நிற்பவை பல ஆயிரம் கோடி ரூபாய் மதிப்புள்ளவை; அவற்றைப் பற்றி எழுதத் தரகு நிறுவனங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லும் சிறு நிறுவனம் அதே வரிசையின் வால்பகுதியில் இருப்பது. அதன் கணக்கைப் பங்குதாரர் தாமே படித்தால்தான் உண்டு.

மார்ச் முடிவுகளை மற்ற மூன்று காலாண்டு முடிவுகளோடு ஒன்றாக வைத்துப் பேசுபவர்கள் இரண்டு வேறுபாடுகளைக் கவனிப்பதில்லை. ஜூன், டிசம்பர் காலாண்டுகளில் நமக்குக் கிடைப்பது லாப நட்டக் கணக்கு மட்டுமே. சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பையும், பணம் வந்து போன வழியைக் காட்டும் பணப்புழக்க அறிக்கையையும் செப்டம்பரிலும் மார்ச்சிலும் மட்டும்தான் நிறுவனம் சேர்த்துத் தருகிறது. ஆகவே ஆண்டில் இரண்டு முறை நாம் பெட்டியைத் திறந்து பார்க்கிறோம். மற்ற இரண்டு முறையும் பெட்டியில் இவ்வளவு இருக்கிறது என்று நிர்வாகம் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது வேறுபாடு அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கிறது. மார்ச் காலாண்டுக்கென்று தனியாக அச்சிடப்பட்டிருக்கும் எண், தணிக்கை செய்த முழு ஆண்டுக் கணக்கிலிருந்து ஏற்கெனவே வெளியிட்ட ஒன்பது மாதக் கணக்கைக் கழித்து எடுத்த மீதி என்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் எழுதியிருக்கும். ஆண்டு முடிவில் தணிக்கையாளர் சரக்கை எண்ணி, பழைய பாக்கியைக் கிளறி, தேய்மானத்தைச் சரிபார்த்துச் செய்யும் திருத்தங்கள் அத்தனையும் இந்தக் கழித்தல் கணக்கின் வழியாக அந்த மூன்று மாதங்களின் தலையில் விழுகின்றன. எனவே மார்ச் காலாண்டு லாபம் திடீரென்று குறைந்துவிட்டது என்று ஒரு பங்கை உடனே விற்பதோ, கூடிவிட்டது என்று வாங்குவதோ சரியாகாது. முதலில் கேட்க வேண்டியது, அந்த மீதிக்குள் என்னென்ன திருத்தங்கள் சேர்ந்திருக்கின்றன என்பது. முந்தைய மூன்று காலாண்டுகளில் நிறுவனம் சொன்னதை ஆண்டுக் கணக்கு மறுக்கிறது என்றால், அந்த நிறுவனத்தின் ஜூன் காலாண்டு அறிவிப்பைப் படிக்கும்போது எவ்வளவு நம்பலாம் என்பதும் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரிகளிடம் கணக்கு எழுதிப் பழகியவன் நான். அங்கே ஒரு முதலாளியின் நிலையை மதிப்பிடும்போது அவர் எத்தனை லோடு இறக்கினார் என்று எவரும் கேட்பதில்லை. உசிலம்பட்டி, மேலூர், சிவகங்கைக் கடைகளில் எவ்வளவு பாக்கி நிற்கிறது, அதில் எவ்வளவு திரும்பி வந்தது என்றுதான் கேட்பார்கள். அந்தப் பழக்கத்தால் நான் லாபத்தைப் படிப்பதற்கு முன் பணப்புழக்க அறிக்கையின் முதல் பகுதியான செயல்பாட்டுப் பணவரவை, அதாவது தொழிலை நடத்தியதில் கைக்கு வந்த பணத்தை, பார்க்கிறேன். ஐந்து ஆண்டுகளின் நிகர லாபத்தைக் கூட்டி ஒரு பக்கமும், அதே ஐந்து ஆண்டுகளின் செயல்பாட்டுப் பணவரவைக் கூட்டி மறுபக்கமும் எழுதுகிறேன். தேய்மானம் பணமாக வெளியே போகாத செலவு. வட்டியும் பெரும்பாலும் அதே அறிக்கையின் மூன்றாம் பகுதியான நிதிப் பிரிவில்தான் கழிக்கப்படுகிறது. ஆதலால், ஒழுங்காக நடக்கும் உற்பத்தி நிறுவனத்தில் இரண்டாவது தொகை முதல் தொகையைவிட அதிகமாகவே இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளைக் கூட்டிய பிறகும் அது லாபத்தில் பாதிக்குக்கூட வரவில்லை என்றால், மீதி லாபம் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும். அது பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் அகப்படும்: வரவேண்டிய பாக்கி, சரக்கிருப்பு, அல்லது நிறுவனரோ அவர் குடும்பமோ நடத்தும் உறவு நிறுவனங்களுக்குக் கொடுத்த முன்பணம்.

முதலில் நூற்பாலை. தென்மாவட்டத்தில் முதலீடு செய்பவர் எவரிடமும் நூற்பாலைப் பங்கு ஒன்றாவது இருக்கும், என்னிடமும் உண்டு. இந்தத் தொழிலின் காலாண்டு எண்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். மே முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் ஆலைகளுக்குச் சொந்தமான காற்றாலைகள் ஓடுகின்றன. அந்த மாதங்களில் மின்சாரச் செலவு குறைந்து லாபம் கூடுவதும், காற்று நின்ற பிறகு டிசம்பர், மார்ச் காலாண்டுகளில் லாபம் சுருங்குவதும் தமிழ்நாட்டு ஆலைகளுக்கு இயல்பு. எனவே மார்ச் காலாண்டைப் போன ஆண்டின் மார்ச் காலாண்டோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தைவிடப் பஞ்சுதான் பெரிய விஷயம். நூலின் அடக்க விலையில் பாதிக்கு மேல் பஞ்சின் விலை. குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா மாநிலங்களிலிருந்து அக்டோபரில் வரத்து தொடங்கி மார்ச்வரை சந்தைக்குக் குவியும் பஞ்சை, பணமும் கிடங்கும் உள்ள ஆலைகள் அப்போதே வாங்கிச் சேர்த்துவிடுகின்றன. அதனால் மார்ச் 31 அன்று எடுக்கப்படும் இருப்புநிலைக் குறிப்பில் சரக்கிருப்பு உச்சத்தில் இருக்கும். அதை வாங்க வாங்கிய வங்கிக் கடனும் உச்சத்தில் இருக்கும். புதிதாகப் படிப்பவர் இந்த இரண்டையும் பார்த்து மிரண்டுபோவது இயற்கை. அதே ஆலையின் செப்டம்பர் அறிக்கையைப் பார்த்தால் இரண்டும் வடிந்திருக்கும். ஆகவே, மார்ச் இருப்பு அதிகமா என்ற கேள்வியைவிட, எந்த விலைக்கு வாங்கிய இருப்பு என்ற கேள்விதான் முக்கியம்.

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டிப் பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அறுபதாயிரங்களுக்கு இறங்கியது. ஏறிய விலையில் வாங்கிக் கிடங்கை நிரப்பிய ஆலைகள், நூல் விலையும் கூடவே சரிந்தபோது, அடுத்த ஆண்டுக் கணக்கில் அந்த வேறுபாட்டை முழுக்கச் சுமந்தன. சரக்கை அடக்க விலை, விற்றால் கிடைக்கக்கூடிய விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும் என்பது கணக்கியல் விதி என்பதால், வீழ்ச்சியை மறைக்கவும் வழி இல்லை. 2025 ஆகஸ்டிலும் ஒரே மாதத்துக்குள் இரண்டு செய்திகள் வந்தன: பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை மத்திய அரசு 19-ஆம் தேதியிலிருந்து அந்த ஆண்டு இறுதிவரை நீக்கியது, 27-ஆம் தேதியிலிருந்து இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனது. முன்னது ஆலைக்கு மூலப்பொருளை மலிவாக்கியது. பின்னது நூல் வாங்கும் திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்களின் கையைக் கட்டியது. இப்படிப்பட்ட தொழிலில் ஒரு காலாண்டு லாபத்தை நான்கால் பெருக்கி, பங்கின் விலையை அதனால் வகுத்து, பங்கு மலிவு என்று சொல்பவரோடு எனக்கு வாதம் செய்யத் தோன்றுவதில்லை.

என்னிடமுள்ள ஆலையின் மார்ச் கணக்கில் நிகர லாபம் முந்தைய ஆண்டைவிட நன்றாகக் கூடியிருந்தது. கூடிய பகுதியில் பெரும்பங்கு பழைய நிலம் ஒன்றை விற்றதால் வந்தது என்று ஐந்தாம் எண் அடிக்குறிப்பு சொன்னது. நிலத்தை ஒருமுறைதான் விற்க முடியும். அதைக் கழித்துவிட்டால் ஆலை ஓட்டத்தில் கிடைத்த லாபம் போன ஆண்டு அளவில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டு நீண்ட காலக் கடனில் ஒரு பகுதியை அடைத்திருக்கிறார்கள் என்பது பணப்புழக்க அறிக்கையின் மூன்றாம் பகுதியில் தெளிவாகத் தெரிகிறது. நிலம் விற்ற பணம் டிவிடெண்டாகவோ, நிறுவனரின் வேறொரு நிறுவனத்துக்குக் கடனாகவோ போகாமல் வங்கிக்குப் போனதே எனக்குப் போதுமானதாக இருந்தது. மேலும் வாங்கவில்லை, விற்கவும் இல்லை.

அடுத்தது வாகனங்களுக்கு ரப்பர் உதிரிபாகம் செய்யும் நிறுவனம். இந்த ஆண்டு நோட்டில் அதிகப் பக்கங்களை எடுத்துக்கொண்டது இதுதான். மதுரையைச் சுற்றி ரப்பர்த் தொழில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. வெள்ளரிப்பட்டியில் டயர் ஆலையும் கோச்சடையில் பெல்ட் ஆலையும் இருப்பதால் ரப்பர்க் கலவை தெரிந்த தொழிலாளர்களும் அச்சு செய்யும் பட்டறைகளும் இங்கே கிடைக்கின்றன. இயற்கை ரப்பர் கேரளத்திலிருந்தும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் வருகிறது. செயற்கை ரப்பரும் கார்பன் கறுப்பும் கச்சா எண்ணெய் விலையோடு ஏறி இறங்குகின்றன. வாகன நிறுவனங்கள் மூலப்பொருள் விலையேற்றத்தைப் பின்னர் ஈடுசெய்து தருகின்றன என்றாலும் அது ஒரு காலாண்டாவது தாமதமாகத்தான் வருகிறது. ஆகையால் இதில் லாப விகிதம் ஓரிரு புள்ளி ஏறுவதையும் இறங்குவதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பாக்கிதான் என்னை நிறுத்தியது. கணக்கு எளிதாக இருப்பதற்காக எண்களை முழு எண்களாக்கிச் சொல்கிறேன். முந்தைய ஆண்டு விற்பனை 100 கோடி ரூபாய், ஆண்டு முடிவில் வரவேண்டிய பாக்கி 20 கோடி என்று கொள்வோம். இந்த ஆண்டு விற்பனை 120 கோடி, பாக்கி 30 கோடி. விற்பனை 20 சதவீதம் வளர்ந்திருக்கிறது என்று நிர்வாகம் மகிழ்ச்சியோடு அறிவிக்கிறது; அதில் பொய் இல்லை. ஆனால் பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், முன்பு 73 நாளில் திரும்பிய பணம் இப்போது 91 நாள் எடுத்துக்கொள்கிறது. இன்னொரு விதமாகச் சொன்னால், கூடுதலாக விற்ற 20 கோடியில் 10 கோடி இன்னும் வாடிக்கையாளரின் பையில் இருக்கிறது. அந்த 10 கோடியை ஈடுகட்ட நிறுவனம் வங்கியில் கடன் வாங்கியிருக்கிறது. அதற்கான வட்டி அடுத்த ஆண்டு லாபத்தில் கை வைக்கும்.

இதை ஒரே பார்வையில் குற்றமாக எழுதிவிடவும் முடியாது. மார்ச் மாதத்தில் வாகன நிறுவனங்கள் உற்பத்தியைக் கூட்டினால், அந்த மாதம் அனுப்பிய சரக்கின் பில் முழுவதும் 31-ஆம் தேதி பாக்கியாகத்தான் நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் அது இயல்பாக வசூலாகிவிடலாம். ஆண்டு இலக்கை எட்டுவதற்காக, வாங்குபவருக்குத் தேவையில்லாத சரக்கையும் கடனுக்குத் தள்ளிவிட்டிருந்தாலும் கணக்கில் தோன்றும் உருவம் இதேதான். இரண்டையும் பிரித்துக் காட்டும் அட்டவணை ஆண்டறிக்கையில் வரும். கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 2021-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வரவேண்டிய பாக்கி ஆறு மாதத்துக்கு உட்பட்டதா, ஓராண்டா, இரண்டாண்டா, மூன்றாண்டுக்கும் மேற்பட்டதா என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். நிறுவனம் சிறு சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்கும், கட்டி முடிக்கப்படாத ஆலைப் பணிகளுக்கும் இதே போன்ற வயது அட்டவணை உண்டு. சிறு முதலீட்டாளருக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த சீர்திருத்தங்களில் இதற்கு இணையாக நான் வேறொன்றையும் வைக்க மாட்டேன். புள்ளிவிவர நிறுவனங்களின் தளங்களில் இந்த அட்டவணை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆண்டறிக்கையைத் திறந்து நூறு பக்கம் தள்ளிப் போக வேண்டியிருக்கிறது.

இந்த நிறுவனத்தை அழுத்தும் இன்னொரு சூழ்நிலையும் உண்டு. குறுந்தொழில், சிறுதொழில் சப்ளையர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறி அந்தப் பாக்கி ஆண்டு முடிவைத் தாண்டினால், பணம் கொடுக்கும்வரை அந்தச் செலவுக்கு வருமான வரிக் கணக்கில் கழிவு இல்லை என்று 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சொல்லிவிட்டது. சிறுதொழில் என்பதற்கான விற்பனை வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 100 கோடி ரூபாய். எனவே 120 கோடி விற்பனை உள்ள ஒரு நிறுவனம் தனக்கு அச்சு செய்துதரும் பட்டறைக்கு 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தான் சரக்கு கொடுக்கும் பெரிய வாகன நிறுவனத்திடம் அதே 45 நாளைக் கேட்கும் உரிமை அதற்கு இல்லை. இருபுறமும் இறுகும் இந்த இடத்தில்தான் வளர்ந்துகொண்டிருக்கும் பல சிறு நிறுவனங்கள் நிற்கின்றன. வளர்ச்சியே பணத்தை விழுங்குகிறது என்று தணிக்கையாளர் நண்பர் ஒருவர் சொல்வார். அவர் இதைச் சொல்லும்போது முகத்தில் எந்த வியப்பும் இருக்காது.

பாக்கி குறைந்திருந்தாலும் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டு முடிவுக்குச் சில நாள் முன்பு பில்களை வங்கியில் தள்ளுபடிக்குக் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டால், வாடிக்கையாளர் பணம் தராமலேயே பாக்கி குறைந்தது போல் தோன்றக்கூடும். வாடிக்கையாளர் தவறினால் வங்கி நிறுவனத்திடமே திரும்பி வரும் என்ற நிபந்தனை இருந்தால், அந்தச் சுமை கடனாகவோ, எதிர்பாராப் பொறுப்புகள் என்ற குறிப்பிலோ வெளிப்படும். அங்கேயும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவது நல்லது. நான் பார்த்தவரை இந்த ரப்பர் நிறுவனத்தில் அப்படி எதுவும் இல்லை. பங்கை வைத்திருக்கிறேன்; ஆண்டறிக்கை வரும்வரை ஒரு பங்கும் கூட்டப்போவதில்லை என்று பக்கத்தின் அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

நகைத் தொழிலைப் பற்றிச் சொல்லாமல் மதுரையில் பங்குக் கணக்கு பேச முடியாது. நேதாஜி சாலையில் தலைமையிடம் கொண்ட தங்கமயில் நிறுவனம் 2010-இல் பங்கு வெளியிட்டுச் சந்தைக்கு வந்தது. அதன் பங்கு என்னிடம் இல்லை. ஆனால் அதன் ஒரு காலாண்டுக் கணக்கு நகைக்கடைக் கணக்கைப் படிப்பது எப்படி என்பதற்கு நல்ல சான்று. 2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நகை வாங்கக் காத்திருந்தவர்களுக்கு அது கொண்டாட்டம். பழைய வரி கட்டி வாங்கிய தங்கத்தைக் கையில் வைத்திருந்த கடைகளுக்கு, அந்தத் தங்கத்தின் மதிப்பு ஒரே நாளில் இறங்கியது. அந்தச் செப்டம்பர் காலாண்டில் தங்கமயிலின் விற்பனை முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தும் கணக்கு நஷ்டத்தில் முடிந்தது. இது வரிக்குறைப்பால் வந்த ஒருமுறை நஷ்டம், வியாபாரம் கெடவில்லை என்று பலரும் சொன்னார்கள். அது நியாயமான வாசிப்புதான்.

அந்த நியாயத்தை எதிர்ப்பக்கத்துக்கும் நீட்ட வேண்டும் என்பதுதான் என் வாதம். தங்கம் விலை இறங்கும்போது வரும் சரக்கு நஷ்டத்தை ஒருமுறை நிகழ்வென்று ஒதுக்குபவர், விலை ஏறும்போது வரும் சரக்கு லாபத்தையும் அதேபோல் ஒதுக்கியாக வேண்டும். விலை ஏறிய ஆண்டில் எந்த நகைக்கடையின் விற்பனைத் தொகையும் பெருகித்தான் தெரியும். ஒரு பவுன் நகையை அதே குடும்பம் இருமடங்கு பணம் கொடுத்து வாங்கினால் கடைக்கு விற்பனை இருமடங்கு, ஆனால் விற்ற எடை அதே எட்டுக் கிராம்தான். எத்தனை கிராம் விற்றது, விலை இறங்கினால் நஷ்டம் வராதபடி முன்கூட்டியே செய்துகொள்ளும் பாதுகாப்பு இல்லாமல் எவ்வளவு இருப்பு திறந்து கிடக்கிறது, வங்கியிடம் தங்கமாகவே வாங்கிய கடன் எவ்வளவு என்ற மூன்றையும் நிர்வாகம் சொன்னால் மட்டுமே நகைத் தொழிலின் உண்மையான லாபத்தை ஊகிக்க முடியும். சிறிய நகை நிறுவனங்களில் பல இவற்றைச் சொல்வதில்லை. ஆகவே இந்தத் தொழிலை நான் தள்ளி நின்றே பார்க்கிறேன்.

இந்த ஜூன் மாதத்தில் நான் விற்றது ஒரே ஒரு பங்கை. அது ரசாயனப் பொருள் செய்யும் ஒரு சிறிய நிறுவனம். விற்பனையும் லாபமும் ஒழுங்காகத்தான் இருந்தன. பங்கு தரகு அலுவலகத்தில் இருக்கும் தம்பி, “அண்ணே, ரிசல்ட் நல்லாத்தானே வந்திருக்கு, ஏன் குடுக்குறீங்க?” என்று கேட்டார். உறவு நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் பற்றிய அறிக்கையைத்தான் அவருக்குக் காரணமாகக் காட்டினேன். ஆண்டுக்கு இருமுறை வெளியிடும் இந்த அறிக்கையை, 2023 ஏப்ரல் முதல், கணக்கு வெளியாகும் அன்றே நிறுவனங்கள் தர வேண்டும். அதில் நிறுவனரின் குடும்பத்துக்குச் சொந்தமான மற்றொரு நிறுவனத்துக்குக் கொடுத்த முன்பணம் ஒவ்வோர் அரையாண்டிலும் கூடிக்கொண்டே போகிறது. எதற்கான முன்பணம் என்ற இடத்தில் ‘வணிகத் தேவை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அந்த முன்பணத்துக்கு எதிராகச் சரக்கு எதுவும் வந்ததாகவும் தெரியவில்லை. லாபம் பணமாகிறது, அந்தப் பணம் பக்கத்து வீட்டுக்குப் போகிறது என்றால், அந்த லாபத்தில் வெளிப் பங்குதாரருக்கு என்ன பங்கு இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த வசதியும் எல்லா நிறுவனங்களிலும் கிடைக்காது. செலுத்திய பங்கு மூலதனம் 10 கோடி ரூபாய்க்கும், நிகர மதிப்பு 25 கோடி ரூபாய்க்கும் மேற்படாத நிறுவனங்களுக்கு இந்த அரையாண்டு அறிக்கை உள்ளிட்ட நிர்வாக நெறி விதிகளிலிருந்து செபி விலக்கு அளித்திருக்கிறது. செலவைக் குறைக்கும் நோக்கத்தில் கொடுத்த விலக்கு அது. ஆயினும் எந்த நிறுவனங்களில் குடும்பப் பெட்டியும் கம்பெனிப் பெட்டியும் அடுத்தடுத்து இருக்கின்றனவோ, அந்த நிறுவனங்களுக்கே அது போய்ச் சேர்கிறது. அவற்றின் உறவுப் பரிவர்த்தனைகளைப் பார்க்க ஆண்டறிக்கைவரை காத்திருக்க வேண்டும் என்பதால், அத்தகைய நிறுவனங்களில் என் மொத்த முதலீட்டில் மிகச் சிறிய பங்கைத்தான் வைக்கிறேன்.

வேறு சில குறிப்புகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். புதிய வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்கு வருமான வரி மேல்வரிகள் சேர்த்து 25.17 சதவீதம், பழைய நஷ்டமோ வேறு சலுகையோ இல்லாமல் வரிச்செலவு அதைவிடப் பல புள்ளி குறைந்திருந்தால் காரணத்தைத் தேடுகிறேன். வங்கியிடம் 5 கோடி ரூபாய்க்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் (அன்றாட ஓட்டத்துக்கான கடன்) வரம்பு பெற்ற நிறுவனம், காலாண்டுதோறும் வங்கிக்குக் கொடுத்த சரக்கு, பாக்கி விவரங்கள் அதன் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று தணிக்கையாளர் எழுத வேண்டும் என்பது 2021-22 முதல் நடைமுறையில் உள்ள தணிக்கை ஆணையின் ஒரு கூறு. ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் வரும் அந்த ஒரு பத்தி, நிர்வாகத்தின் தலைவர் எழுதும் நாலு பக்கக் கடிதத்தைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. தணிக்கையாளர் பதவிக் காலத்தின் நடுவில் விலகினால், அவர் சொல்லும் காரணம் ‘வேலைப்பளு’ என்று இருந்தாலும் நான் விலையைப் பார்க்காமல் வெளியேறிவிடுவேன்.

நம் ஊர் நிறுவனம் என்ற பற்று தனியே பேச வேண்டிய விஷயம். ஆலையின் வாசலைத் தினமும் கடந்து போகிறோம், ஷிப்ட் மாறும்போது பஸ் நிரம்பி வருகிறது, நம் உறவினர் ஒருவர் அங்கே வேலை பார்க்கிறார் என்பதால் அந்தப் பங்கைப் பத்திரமானதென்று எண்ணுகிறோம். வாசலில் தெரிவது உற்பத்தி மட்டுமே. பாக்கியும் கடனும் வாசலில் தெரிவதில்லை. 1926-இல் கரூரில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் பங்கு வைத்திருந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டபோது அதன் பங்கு மூலதனம் முழுவதும் தள்ளி எழுதப்பட்டது. பங்குதாரருக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. வாராக்கடன் கூடிக்கொண்டே போனதை அதன் ஆண்டுக் கணக்குகள் அதற்கு முன்பே காட்டிக்கொண்டிருந்தன.

விலையைப் பற்றிக் கடைசியாக எழுதுவதற்குக் காரணம், சிறு நிறுவனங்களில் விலையை நாம் நிர்ணயிக்க முடியாது என்பதுதான். நல்ல முடிவு வந்த மறுநாள் உச்சவரம்பில் பூட்டிக்கொண்டால் வாங்க முடியாது. கெட்ட முடிவு வந்தால் கீழ்வரம்பில் பூட்டிக்கொண்டு விற்க முடியாது. அதனால் கணக்கு வெளியாகும் நாளுக்கு முன்பே, எந்த நிலையில் விற்பேன் என்பதை எழுதி வைத்துவிட்டு, சந்தை அடங்கிய பிறகு சிறிது சிறிதாக விற்கிறேன். 2024 ஜூலை 23 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கின் லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 12.5 சதவீதமும், ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதமும் வரி என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் உறவு நிறுவனத்துக்கு முன்பணம் கொடுக்கும் நிர்வாகத்தோடு, வரியைச் சேமிப்பதற்காக இன்னும் நான்கு மாதம் உட்கார்ந்திருப்பது எனக்கு உகந்ததாகப் படவில்லை. அந்த ரசாயனப் பங்கை 20 சதவீத வரி கட்டியே கொடுத்தேன்.

இனி எஞ்சியிருப்பது ரப்பர் நிறுவனத்தின் ஆண்டறிக்கை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தைச் செப்டம்பர் 30-க்குள் நடத்த வேண்டும், அதற்கு 21 நாள் முன்பாவது அறிக்கையை அனுப்ப வேண்டும் என்பதால் ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பர் முதல் வாரத்திலோ அது வந்துவிடும். 2020-இலிருந்து பெரும்பாலான கூட்டங்கள் காணொளியில் நடப்பது மதுரையில் இருக்கும் என்னைப் போன்ற சிறு பங்குதாரருக்குப் பெரிய வசதி; முன்கூட்டியே பேச்சாளராகப் பதிவு செய்துகொண்டால் இங்கிருந்தே கேட்கலாம். இந்த முறை கேட்பதற்கு மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். மார்ச் 31 அன்று நின்ற பாக்கியில் கூட்டம் நடக்கும் நாள்வரை எவ்வளவு வசூலாகியிருக்கிறது? அதில் மிகப் பெரிய இரண்டு வாடிக்கையாளர்களின் பங்கு எவ்வளவு? விற்பனை இன்னும் 20 சதவீதம் வளர்ந்தால் அதற்கான நடைமுறை மூலதனத்தை வங்கியிடம் வாங்கப்போகிறார்களா, புதிய பங்கு வெளியிடப்போகிறார்களா? கூட்டத்தில் பேச நேரம் கிடைக்காமல் போகலாம் என்பதால், கம்பெனிச் செயலாளருக்கு இவற்றை முன்னதாகவே மின்னஞ்சலில் அனுப்பிவிடுவேன்.